மோகனப்பிரியாவின் கொய்யாக்காய்ப் பாட்டு

மோகனப்பிரியா பாடி ஜெயித்தவை எல்லாம் கோவை கணபதியில், அவளுடைய அண்ணன் திருமூர்த்தியின் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் வரிசையாக இருக்கின்றன. முதலாவது ஓர் எவர்சில்வர் டம்ளர். ஆறாம் வகுப்பில் பொன்னுக்கு வீங்கி வந்து ஒரு பக்கத் தாடை பன் மாதிரி உப்பியிருந்தபோது, வாயைப் பாதி மட்டுமே திறந்து பாடி வாங்கியது. அடுத்தது பித்தளைக் குடம். சொந்த ஊரான கிணத்துக்கடவில் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு மேடை ஏறியதும் கரண்ட் போய் மைக் செத்துவிட்டது. எதிரே ராட்டினக்காரரின் ஜெனரேட்டர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே தொண்டையைத் தூக்கிப் பாடி அந்தக் குடத்தை ஜெயித்தாள். அதற்குப் பக்கத்தில் இட்லிக் குண்டா. பொள்ளாச்சிப் போட்டிக்குப் போகிற வழியில் பஸ் படுத்துவிட, பால் வண்டியில் கேன்களுக்கு நடுவே உட்கார்ந்து போய், தாவணியெல்லாம் பால் வாசத்தோடு பாடி வாங்கியது. கடைசியாக ஒரு பெரிய குத்துவிளக்கு. மாவட்ட அளவில் நடந்த மெல்லிசைப் போட்டியில், கீபோர்டு நடுவில் ஊமையாகிப் போன பிறகும் நிறுத்தாமல் பாடி ஜெயித்தது.

இவற்றுக்கெல்லாம் மேலே அவள் ஜெயித்த ஒன்று உண்டு. தன் பாட்டையே அவள் திரும்ப ஜெயித்தாள். அது அலமாரியில் வைக்கிற சாமான் இல்லை.

திருமூர்த்திக்கு அந்த அலமாரியில் ஒரே ஒரு குறை. எங்கள் பக்கத்தில் பாத்திரம் என்றால் பேர் வெட்டாமல் கொடுக்க மாட்டார்கள். ஆனால் வாங்குகிறவர் பேரை யாரும் வெட்டுவதில்லை, கொடுக்கிறவர் பேரைத்தான் வெட்டுவார்கள். டம்ளரில் அந்தக் காலத்துத் தலைமையாசிரியரின் பேர். குடத்தில் ஓர் அரிசி மண்டியின் பேர். இட்லிக் குண்டாவில் ‘மணமக்கள் நீடூழி வாழ்க, மாமன் வீட்டார்’ என்று இருந்தது. யாருக்கோ கல்யாணத்துக்கு வந்ததைப் பரிசாகத் தள்ளிவிட்டிருந்தார்கள். குத்துவிளக்கில் ‘செவ்வந்தி இன்னிசைக் குழு’. வெள்ளிக்கிழமைதோறும் திருமூர்த்தி புளி போட்டு விளக்கைத் தேய்ப்பார்.

“தேய்க்கத் தேய்க்க அடுத்தவன் பேருதான் பளபளங்குது” என்பார்.

“உங்களை யாருங்க தேய்க்கச் சொன்னாங்க?” என்பார் அவர் மனைவி சாந்தாமணி.

திருமூர்த்தி எட்டாவது வரைக்கும் படித்தவர். கணபதியில் சொந்தமாகக் கிரைண்டர் பட்டறை வைத்திருக்கிறார். ஹோட்டல்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் போகிற டில்டிங் கிரைண்டர்தான் அவருடைய தொழில். எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்க்கிற ஆள். போல்ட்டை முடுக்கிவிட்டு, முடுக்கினோமா என்று மறுபடி வந்து பார்ப்பார். ஒவ்வொரு டிரம்மின் அடியிலும் வரிசை எண்ணைப் பேர் வெட்டுகிற கருவியால் தன் கையாலேயே வெட்டுவார். அவருடைய எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். வண்டியில் எங்கே போனாலும் அந்தக் கருவி கூடவே போகும்.

கிரைண்டர் செய்து முடித்ததும் உடனே அனுப்பிவிட மாட்டார். ஊறவைத்த அரிசியைப் போட்டு நன்றாக ஓட்டிப் பார்த்துத்தான் அனுப்புவார். வெறும் டிரம் சுற்றினால் எந்தக் கிரைண்டரும் யோக்கியனாகத்தான் தெரியும், அரிசி விழுந்தால்தான் குணம் வெளியே வரும் என்பது அவர் கட்சி.

செவ்வந்தி குழுவை நடத்தியவர் அரங்கசாமி. வெள்ளைச் சட்டை, வெள்ளை ஷூ, கையில் எப்போதும் ஒரு பென்டிரைவ். மோகனப்பிரியா பத்து வருஷம் அந்தக் குழுவில் பாடினாள். 2011-ல் குழுவுக்கென்று சொந்தப் பாட்டு வேண்டும் என்று அரங்கசாமி கேட்டபோது, இணைச்சீருக்கு அவளே ஒரு பாட்டுக் கட்டினாள். கொங்குக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அக்காளோ தங்கையோ பட்டுடுத்தி, பேழைக்கூடையோடு வந்து, அவனுக்கு இணையாக நின்று செய்கிற சீர் அது. அந்த நேரத்தில் சிரிக்காத தங்கையும் இல்லை, அழாத தங்கையும் இல்லை.

‘கூடையில பங்கு வெச்சோம் கொய்யாக்காய அண்ணா – இனி
கூட ஒரு பங்கு வெக்கோணும் வாரவளுக்கு அண்ணா’

இதுதான் பல்லவி. சின்ன வயதில் திருமூர்த்தி கொய்யாக்காயைச் சரிபாதியாக வெட்ட அடிக்குச்சி வைத்து அளப்பார். அளந்து முடிப்பதற்குள் மோகனப்பிரியா பெரிய பாதியைக் கடித்திருப்பாள். பாட்டு அங்கேயிருந்து வந்தது.

ரெக்கார்டு செய்ய இடம் தேடியபோது பட்டறைத் தகரக் கூரைதான் எக்கோ கொடுக்கும் என்று அரங்கசாமி வந்து இறங்கிவிட்டார். அன்றைக்கு மண்டபத்துக்குப் போக வேண்டிய ஒரு கிரைண்டர் அரிசியோடு ஓடிக்கொண்டிருந்தது.

“அதை நிறுத்துங்க” என்றார் அரங்கசாமி.

“அரிசி போட்டாச்சுங்க. நடுவால நிறுத்துனா சோதனை மொதல்ல இருந்து பண்ணோணும்” என்றார் திருமூர்த்தி. கடைசியில் நடுவே ஒரு தார்ப்பாயைக் கட்டிவிட்டு, இந்தப் பக்கம் பாட்டும் அந்தப் பக்கம் மாவும் நடந்தன. முடிந்ததும் எல்லாரும் தோசை சாப்பிட்டுவிட்டு அந்தக் கிரைண்டரை மறந்தே போனார்கள்.

பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. கொடுமுடியிலிருந்து பொள்ளாச்சி வரை, இணைச்சீர் என்றால் கொய்யாக்காய்ப் பாட்டு என்று ஆகிவிட்டது. ஆனால் ஃப்ளெக்ஸில், யூடியூபில், எங்கேயும் ‘செவ்வந்தி குழு’ மட்டும்தான். கையெழுத்துக் கேட்டு யாராவது வந்தால்கூட அரங்கசாமி சட்டைப்பையிலிருந்து ஒரு ரப்பர் ஸ்டாம்பை எடுத்து, குழுவின் பேரை முத்திரை குத்தி அனுப்பிவிடுவார்.

கொரோனா முடிந்து கச்சேரிகள் மறுபடி தொடங்கியபோது, பேனரில் பாடுகிறவர்கள் பேரையும் போடச் சொல்லி மோகனப்பிரியா கேட்டாள்.

“செவ்வந்தின்னு போட்டாச்சில்ல அம்மணி. பூவைப் பாக்கறவன் எந்த எதழ்ன்னு கேப்பானா?” என்றார் அரங்கசாமி.

“அப்ப இந்த எதழ் உதுந்துபோச்சுன்னு வெச்சுக்கோங்க” என்று சொல்லிவிட்டு அவள் வெளியே வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் தனியாகப் பாடினாள். கோயில் விசேஷம், காதுகுத்து, கடைத் திறப்பு என்று அழைப்புகள் வந்தன. யாரும் இணைச்சீருக்கு மட்டும் கூப்பிடவில்லை. அதற்குத்தான் ரெக்கார்டு இருக்கிறதே.

2024 வைகாசியில் தாராபுரத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு அண்ணனும் தங்கையும் விருந்தாளிகளாகப் போயிருந்தார்கள். பந்திக்கு நேர் எதிரே மேடையில் செவ்வந்தி குழு. இணைச்சீர் நேரத்தில் தேஜா என்கிற புதுப் பாடகி மைக்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். ஸ்பீக்கரில் வந்தது மோகனப்பிரியாவின் குரல். தேஜா வாயை மட்டும் அசைத்தாள். குறை சொல்ல முடியாது, நன்றாகவே அசைத்தாள். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் ரெக்கார்டில் ஒரு சின்னக் கனைப்பு உண்டு. அந்த இடம் வந்ததும் நெஞ்சில் கை வைத்து, கண்ணை மூடி, கனைப்பையும் சேர்த்து நடித்தாள்.

திருமூர்த்தியின் இலையில் ஜாங்கிரி அப்படியே இருந்தது. “பாப்பா, அந்தப் புள்ள உன்ற கனைப்பைக் கனைக்குது பாரு” என்றார்.

மோகனப்பிரியா கை கழுவிவிட்டு நேரே மேடைக்குப் பின்னால் போனாள். அண்ணன் கை கழுவாமலே பின்னால் போனார்.

“ஏனுங்க, இது நாயமா இருக்குதுங்களா?” என்று அரங்கசாமியைக் கேட்டாள்.

“அட, மோகனாவா! சாப்ட்டாச்சா கண்ணு?” என்றார் அரங்கசாமி. “பாட்டு நீ கட்டுனதுதான். நான் இல்லீங்கலியே. ஆனா ரெக்கார்டு குழுவோடது. உனக்கு வேணும்னா புதுசாப் பாடிக்கோ. யாரு கையைப் புடிச்சா? ஆனா ஒண்ணு. சனம் அந்தப் பாட்டைத்தான் கேக்கும்.”

“என்ற பாட்டைப் பாட நான் வேணுமுங்களா, நீங்க வேணுமுங்களா?”

“அதைச் சனத்துகிட்டக் கேளு அம்மணி” என்று சிரித்தார்.

பக்கத்தில் வெற்றிலைத் தட்டோடு நின்ற பாவாத்தாள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். கொடுமுடிக்காரர். காவிரிக் கரையில் வாழையும் மஞ்சளும் போட்டிருக்கிற பெரிய பண்ணயம். ஆவணியில் அவர் மகனுக்குக் கல்யாணம். அவர் சரி என்றால் ஆற்றின் இரண்டு கரையிலும் சரி என்று அர்த்தம்.

“ஏம்மணி, நீயே பாடித் தாரதா இருந்தா என்ற பையன் சீருக்கு அதையே போடறேன்” என்றார். “ஆனா அதே பாட்டா இருக்கோணும். சித்த மாறுனாலும் என்ற மவ சாமியாடிப்போடுவா. அவ அந்தப் பாட்டுக்குன்னே மூணு வருஷமாத் தம்பி கல்யாணத்துக்குக் காத்துக்கிட்டிருக்கறா. மாறுச்சுன்னா செவ்வந்தி ரெக்கார்டுதான்.”

காரில் திரும்பி வரும்போது, பல்லடம் தாண்டியதும் மோகனப்பிரியா சொன்னாள்: “அண்ணா, இது நடக்கலீன்னா நான் இனி அந்தப் பாட்டை வாயில எடுக்க மாட்டேன். என்ற குரலுக்கே நான் டூப்பு மாதிரி இருக்குது.”

திருமூர்த்தி அப்போதே முடிவு செய்துவிட்டார். உலகத்திலேயே சுத்தமான ரெக்கார்டிங் அவர் பட்டறையில்தான் நடக்கப்போகிறது.

ரெக்கார்டிங் செய்ய வந்தவர் உதய். சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிற பொறுமையான ஆள். தன் ஸ்டூடியோவிலேயே செய்யலாம் என்று சொல்லிப் பார்த்தார். பழைய பாட்டு பிறந்த இடத்தில்தான் புதுப் பாட்டும் பிறக்கவேண்டும் என்று திருமூர்த்தி ஒற்றைக்காலில் நின்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் எல்லா மிஷினுக்கும் பியூஸைப் பிடுங்கினார். சுவர் முழுக்கப் பவானி ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டார். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டையில் தலையணையை அடைத்தார். பக்கத்து லேத் பட்டறைக்காரரை மாமியார் வீட்டுக்குப் போய்வரச் சொல்லிக் கெஞ்சினார். கடைசியில் உத்தரத்தில் இருந்த ஒரு பல்லியை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

“அது கத்தாதுங்க” என்றார் உதய்.

“கத்துச்சுன்னா?”

பல்லியை விரட்ட ஏணி வந்தது. ஏணி வந்த சத்தத்தில் பல்லி தானாகவே போய்விட்டது.

மோகனப்பிரியா பாடினாள். குரல் முன்பைவிடப் பழுத்திருந்தது. உதய் எலக்ட்ரானிக் சுருதி சேர்த்து, புல்லாங்குழல் சேர்த்து, எல்லாவற்றையும் துடைத்து எடுத்துக் கொடுத்தார். கேட்டால் கண்ணாடியில் முகம் பார்க்கிற மாதிரி இருந்தது. திருமூர்த்தி பதினைந்து பேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, ஆடி பதினெட்டு முடிந்ததும் தங்கையையும் சாந்தாமணியையும் ஏற்றிக்கொண்டு கொடுமுடிக்குப் போனார். ஒரு பெரிய ஸ்பீக்கரும் கூடவே போனது.

பாவாத்தாளின் முன்கட்டில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். மகளும் வந்து உட்கார்ந்தாள். பாட்டு ஓடி முடிந்தது. எங்கள் பக்கத்தில் மரியாதை அதிகம். பிடிக்கவில்லை என்றால் முதலில் காபி கொடுப்பார்கள்.

“காப்பி குடிக்கறீங்களா?” என்றார் பாவாத்தாள்.

சாந்தாமணி கணவன் காதில் சொன்னார்: “போச்சுங்க.”

“நல்லாத்தானுங்க இருக்குது” என்றாள் மகள். “ஆனா இது அது இல்லீங்க. இதைக் கேட்டா ஏதோ நகைக்கடை வெளம்பரம் மாதிரி இருக்குது. அதைக் கேட்டா நம்ம ஊட்டுக்குள்ளயே பாடற மாதிரி இருக்கும். அப்பறம் அந்தக் கனைப்பு எங்கீங்க?”

“அது தப்புன்னு எடுத்துப்போட்டோமுங்க” என்றார் திருமூர்த்தி.

“அதைப் போயி எடுப்பாங்களா!”

மோகனப்பிரியா தலையைக் குனிந்துகொண்டு சேலைத் தலைப்பைச் சுற்றிச் சுற்றி விரலில் கட்டினாள். அவள் அப்படிச் செய்தால் அழுகையை அடக்குகிறாள் என்று திருமூர்த்திக்குத் தெரியும். பொன்னுக்கு வீங்கியோடு பாடப் போன அன்றைக்கும் பாவாடை நுனியை அப்படித்தான் கட்டினாள்.

ஸ்பீக்கர் வைத்த இடத்தில்தான் குற்றம் இருக்கும் என்று அவர் நினைத்தார். “ஏனுங்க, இந்த ரூம்புல சத்தம் சரியா நிக்கலீங்க. உள்ளார வெச்சு ஒருக்காக் கேட்டுப்போட்டுச் சொல்லுங்க” என்று ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு பாவாத்தாளுக்குப் பின்னாலேயே சமையல்கட்டுக்குப் போய்விட்டார். பாவாத்தாளும் மரியாதைக்காகத் தடுக்கவில்லை. அங்கே காட்டு வேலைக்கு வருகிறவர்களுக்காக மாவு ஆடிக்கொண்டிருந்தது. திருமூர்த்தி ஸ்பீக்கரைச் சோற்று அண்டா மேல் வைத்துப் பாட்டைப் போட்டார்.

காபித் தூளை அள்ளிக்கொண்டிருந்த பாவாத்தாளின் கை அப்படியே நின்றது.

“இப்ப வந்துருச்சு!” என்றார். “கண்ணு, இங்க வந்து கேளு. இதுதான் அது.”

மகள் ஓடி வந்தாள். “ஆமாம்மா! என்னுங்க பண்ணுனீங்க?”

திருமூர்த்திக்கு நெஞ்சு பூரித்துவிட்டது. ஸ்பீக்கரை வைக்கிற இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்று விளக்கம் சொல்லத் தொடங்கினார். இன்னும் தெளிவாகக் கேட்கட்டும் என்று கையை நீட்டிக் கிரைண்டரை நிறுத்தினார்.

“போச்சு” என்றாள் மகள்.

அவர் முழித்தார். மறுபடி சுவிட்சைப் போட்டார்.

“வந்துருச்சு.”

நிறுத்தினார்.

“போச்சுங்க.”

வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மோகனப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டாள். “அண்ணா! அந்தத் தார்ப்பாயி!”

திருமூர்த்தி குனிந்து டிரம்மின் அடியைத் தடவிப் பார்த்தார். அச்சடித்த மாதிரி வரிசை எண். அவர் பட்டறைக் கிரைண்டர்தான். பொழுது விடிந்தால் அடைந்தால் கிரைண்டர் சத்தத்துக்குள்ளேயே இருக்கிறவருக்கு அந்தச் சத்தம் தனியாகக் காதில் விழுவதில்லை. பழைய ரெக்கார்டில் உதய்க்கு அது சுருதிப்பெட்டி மாதிரி கேட்டிருந்தது. அரங்கசாமி தகரக் கூரையின் எக்கோ என்றே இத்தனை வருஷம் பெருமை பேசியிருந்தார். அரிசியோடு சுற்றுகிற குழவியின் ‘கொர்ர்’ என்கிற அந்த அடிச்சத்தத்தின் மேல்தான் கொங்கு நாடே இத்தனை நாள் அழுதும் சிரித்தும் சீர் செய்திருக்கிறது.

“இத்தனை சத்தத்தையும் ஏணி போட்டு வெரட்டுனீங்களே” என்றார் சாந்தாமணி.

பாவாத்தாள் காபியை நீட்டினார். இந்தத் தடவை அது நல்ல காபி. “போயி மாவாட்டிக்கிட்டே பாடிக் கொண்டாங்க. கலியாணத்துக்கு இன்னும் நாள் இருக்குது.”

இரண்டாவது ரெக்கார்டிங் சுலபமாக முடியவில்லை. வெறும் கிரைண்டரை ஓட்டினால் அந்தச் சத்தம் வரவில்லை. அரிசி போட்டதும் முதலில் கடகடவென்று லாரி ஏறுகிற மாதிரி இருந்தது. மாவு மசிந்துவிட்டால் சத்தமே அடங்கிப்போனது. நடுவில் கொஞ்ச நேரம் மட்டும், மாவு ரவைப் பதத்தில் இருக்கும்போது, அந்தக் ‘கொர்ர்’ வந்தது. அதற்குள் பாட்டு முழுவதும் முடிய வேண்டும். மோகனப்பிரியா மைக் முன்னால் தயாராக நிற்பாள். உதய் காதில் ஹெட்போனோடு கையைத் தூக்குவார். திருமூர்த்தி டிரம்முக்குள் விரலை விட்டு மாவைத் தொட்டுப் பார்த்து, “இப்ப!” என்பார். கல்லின் குணத்துக்காகவே அந்த டிரம்முக்கு ஊத்துக்குளிக் கல்லைத் தேடிப் போட்டிருந்தார்.

முதல் தடவை “இப்ப!” என்று அவர் கத்தியதும் ரெக்கார்டில் விழுந்தது. இரண்டாவது தடவை இரண்டாம் சரணத்தில் கரண்ட் போனது. அடுத்த தடவை எல்லாம் சரியாக வந்து, கடைசி வரியில் சாந்தாமணி உள்ளே எட்டிப் பார்த்து, “இன்னும் அரிசி நனைக்கட்டுங்களா?” என்று கேட்டார்.

ஒவ்வொரு தடவைக்கும் ஒரு டிரம் மாவு மிஞ்சியது. வீட்டில் அண்டாக்கள் நிரம்பின. தெருவில் எல்லார் வீட்டுக்கும் மாவு போனது. லேத் பட்டறைக்காரர் வீட்டில் மூன்று வேளையும் தோசை. அவர் இந்தத் தடவை தானாகவே மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார்.

“நீங்க பாட்டுப் பாடறீங்களா, இட்லிக்கடை போடறீங்களா?” என்றார் சாந்தாமணி.

“நங்கையா, இன்னும் ஒரே ஒருக்கா” என்று அண்ணியைக் கெஞ்சினாள் மோகனப்பிரியா.

பாட்டு வந்துவிட்டது. கனைப்புதான் வரவில்லை. கனைக்க வேண்டும் என்று கனைத்தால் டாக்டரிடம் காட்டுகிற மாதிரி இருந்தது. உதய் பழைய ரெக்கார்டிலிருந்து அந்தக் கனைப்பை மட்டும் வெட்டி ஒட்டலாமா என்று கேட்டார்.

“அது குழுவோட கனைப்புங்க” என்றாள் மோகனப்பிரியா. “அதை நான் தொட மாட்டேன்.” பிறகு யோசித்துவிட்டு அண்ணனைப் பார்த்தாள். “அன்னைக்கு எனக்கு எதுக்குக் கனைப்பு வந்துச்சு தெரியுமா? தார்ப்பாயில ஒரு கிழிசல் இருந்துச்சு. அதுக்குள்ளார பாத்தா, நீ ஒரு கையில மாவைத் தள்ளிக்கிட்டு இன்னொரு கையில தொடையைத் தட்டித் தாளம் போட்டுக்கிட்டிருந்தே. மூக்கு நுனியெல்லாம் மாவு. சிரிப்பு வந்துருச்சு. அதை அடக்கிப்போட்டேன். அதுதான் கனைப்பு.”

திருமூர்த்தி மூக்கு நுனியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு உதயிடம், “தாளம் போட்டா ரெக்கார்டுல விழுமுங்களா?” என்று கேட்டார்.

“விழுந்தா விழட்டுங்க” என்றார் உதய்.

கடைசித் தடவை அரிசி போட்டார்கள். மாவு பதத்துக்கு வந்ததும் திருமூர்த்தி வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினார். மோகனப்பிரியா பாடினாள். அவர் ஒரு கையால் மாவைத் தள்ளி, மறு கையால் தொடையில் தட்டினார். அவருக்குத் தாளம் என்றைக்குமே சரியாக வந்ததில்லை. முதல் சரணம் முடிந்தது. இரண்டாவது சரணத்துக்கு மூச்சு எடுக்கும்போது அவள் திரும்பிப் பார்த்தாள். மூக்கு நுனியில் மாவு.

கனைப்பு வந்தது.

ஆவணியில் கொடுமுடிப் பக்கத்து மண்டபத்தில் கல்யாணம். பாவாத்தாள் பாட்டை மட்டும் கேட்கவில்லை. பாட்டில் ஓடிய அந்தக் கிரைண்டரே புதுமணமக்கள் வீட்டுக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டார். திருமூர்த்தி அதை டெம்போவில் கயிறு போட்டுக் கட்டி, கட்டினோமா என்று வழியில் மூன்று இடத்தில் நிறுத்திப் பார்த்துக்கொண்டே கொண்டுவந்து இறக்கினார். மண்டபத்தில் சாமான் வரிசையின் கடைசியில் அது மாலையோடு உட்கார்ந்திருந்தது. மேடையில் வாத்தியத்துக்குப் பேசியிருந்ததோ செவ்வந்தி குழு. அந்த முன்பணம் தாராபுரத்துக்கும் முந்தியே கொடுத்தாகிவிட்டது. கொடுத்த வாக்கைப் பாவாத்தாள் மாற்றுகிறவர் இல்லை, இரண்டு பக்கத்து வாக்கையும்.

சாயங்காலம் இணைச்சீர். பாவாத்தாளின் மகள் பட்டுடுத்திப் பேழைக்கூடையோடு வந்து தம்பிக்கு இணையாக நின்றாள். மோகனப்பிரியா தூணோரம் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பாவாத்தாள் முன்பே ஓர் ஆளிடம் கொடுத்துப் போடச் சொல்லியிருந்த புதுப் பாட்டு ஸ்பீக்கரில் எழுந்தது. கூடையோடு நின்றவள் முதல் வரியிலேயே சிரித்தாள். பல்லவி திரும்ப வந்தபோது கண்ணைத் துடைத்தாள். பெண்கள் கூட்டம் முழுவதும் உதடு அசைத்துப் பாடியது. கனைப்பு வந்தபோது பத்திருபது பேர் சேர்ந்து கனைத்தார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, ஒருவருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

“பாப்பா, ஒருத்தருமே கண்டுபுடிக்கலியே” என்றார் திருமூர்த்தி, கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

“அதுதான் அண்ணா வேணும்” என்றாள் அவள். விரலில் சேலைத் தலைப்பு சுற்றியிருந்தது.

மேடையில் இதைவிடப் பெரிய கூத்து. பாட்டைக் கேட்டதும் தேஜா பழக்கதோஷத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து வாயசைக்கத் தொடங்கிவிட்டாள். அரங்கசாமி சவுண்ட் செட்காரரிடம் ஓடினார்.

“யோவ், நான் சொல்லாம என்ற பாட்டை யாருய்யா போடச் சொன்னா?”

“நீங்கதான போட்டீங்க?”

“நான் எங்கய்யா போட்டேன்? பென்டிரைவ் என்ற கையில இருக்குது பாரு!”

கையில் பென்டிரைவும், காதில் பாட்டுமாக அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கூட்டத்தைத் துழாவித் தூணோரம் மோகனப்பிரியாவைக் கண்டார். மெதுவாகக் கீழே இறங்கி வந்தார்.

“இதுல அந்த எக்கோ கூட வருதே அம்மணி. எப்படி?”

“தகரக் கூரைங்க” என்றார் திருமூர்த்தி முந்திக்கொண்டு, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

அரங்கசாமி தலையைச் சொறிந்தார். “சனத்துகிட்டக் கேளுன்னு சொன்னேன். கேட்டுப்போட்டே” என்றார். அப்புறம் சாப்பாட்டுப் பக்கம் போய்விட்டார்.

சீர் முடிந்ததும் பாவாத்தாள் மைக்கை வாங்கினார். “இப்பப் பாடுனது செவ்வந்தி இல்லீங்க. கிணத்துக்கடவு மோகனப்பிரியா. அவளே கட்டுன பாட்டு, அவளே பாடுனது. அடுத்து யாரு ஊட்டுல கலியாணமோ அவளைக் கூப்பிடுங்க.” மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கிரைண்டர் பக்கம் நடந்தார். கூட்டமும் கூடவே போனது.

“ஏனுங்க, இதுல பேரு வெட்டலியா?” என்றார்.

“உங்க பேரை வெட்டிப்போடறேனுங்க” என்று திருமூர்த்தி பையிலிருந்து கருவியை எடுத்து, வயரைச் சொருகினார்.

“என்ற பேரு எதுக்கு? பாட்டு யாருதோ அவ பேரு.”

முதலில் வந்து நின்றவள் தேஜாதான். “அக்கா, வெட்டிட்டு எனக்கும் ஒரு கையெழுத்துங்க்கா. ஸ்டாம்பு வேண்டாம்” என்றாள்.

திருமூர்த்தி டிரம்மின் பக்கவாட்டைத் துணியால் துடைத்தார். இன்னொரு தடவை துடைத்தார். அச்சடித்த மாதிரி வெட்ட அவருக்குக் கை துறுதுறுத்தது. கருவியின் முனையை எவர்சில்வர் மேல் வைத்தவர், அப்படியே எடுத்துத் தங்கை கையில் கொடுத்துவிட்டார்.

“நீயே போடு பாப்பா.”

“எனக்குக் கோணலா வருமே அண்ணா.”

“வரட்டும்.”

கருவி வண்டு மாதிரி ரீங்காரமிட்டது. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். ‘மோ’வின் கொம்பு கொஞ்சம் சாய்ந்தது. ‘கனப்’ ஏறி இறங்கியது. கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் வளைவில் கீழே இறங்கிப் போனது. திருமூர்த்தி ஒரு திருத்தமும் சொல்லவில்லை. பேருக்குக் கீழே தேதியை மட்டும் அவர் வெட்டினார், அச்சடித்த மாதிரி:

14.9.2024, சனிக்கிழமை.